குற்றவியல் பட்டம்: ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா?

குடியாத்தம் தறிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இவ்வாண்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் பி.ஏ. குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம் என்ற மூன்றாண்டுப் படிப்பில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் 1,20,000 ரூபாய். விடுதிச் செலவை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். கட்டணத்துக்குத்தான் வங்கிக் கடன் வாங்க வேண்டும்.

சேர்க்கைக்காக எங்கள் பகுதிக்கு வந்து பேசியவர், காவல் துறை, சிறைத் துறை, தடய அறிவியல், சி.பி.ஐ. ஆகிய அனைத்துக்கும் இந்தப் பட்டம்தான் வாசல் என்றார். அவர் கொடுத்த வண்ணத்தாளில் சீருடை அணிந்த ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. என் மகள் அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். எனக்கு நான்கு லுங்கித் தறிகள் இருக்கின்றன. வருமானம் ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. பத்து நாட்களுக்குள் முன்பணம் 10,000 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். படித்து முடித்தபின் கிடைக்கும் சம்பளம் இந்தக் கடனைத் தாங்குமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சத்துவாச்சாரி கணக்கர்

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், கடனை மட்டும் நான் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து அசல் 3,60,000 ரூபாய். 4 லட்சம் வரை பிணையும் கேட்க மாட்டார்கள், உங்கள் பங்காக முன்தொகையும் கேட்க மாட்டார்கள். ஆனால் தந்தை என்ற முறையில் நீங்களும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவீர்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைப் பலர் வட்டி இல்லாத காலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. அக்காலத்திலும் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இறுதியில் அது அசலோடு சேரும்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டுக் கட்டணத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 48,000, இரண்டாமாண்டுக் கட்டணத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 36,000, மூன்றாமாண்டுக் கட்டணத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 24,000. ஆக மொத்தம் 1,08,000. முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் மகளின் பெயரில் நிற்கும் கடன் 4,68,000 ரூபாய். பத்தாண்டுகளில் கட்டுவதானால் மாதம் ஏறத்தாழ 6,185 ரூபாய், மொத்தம் 7,42,000 ரூபாய்க்குச் சற்று மேல். தவணையைக் குறைக்க வேண்டும் என்று பதினைந்தாண்டுகளாக நீட்டினால் மாதம் 5,030 அளவுக்கு இறங்கும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 9 லட்சத்தைத் தாண்டியிருக்கும். நான் பணியில் இருந்தவரை, தவணை எவ்வளவு என்று கேட்காத தந்தை எவரும் வந்ததில்லை. மொத்தம் எவ்வளவு என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

மத்திய அரசின் முழு வட்டி மானியத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தாலும் அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் உரியது. கலைப் பட்டத்துக்கு அதை நம்ப முடியாது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அதற்கு உங்கள் கல்வி நிறுவனம் அரசின் தரப்பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 7.5 லட்சம் வரை அரசே உத்தரவாதம் தருகிறது என்று யாரேனும் சொன்னால், அந்த உத்தரவாதம் வங்கியின் இழப்புக்கானது. உங்கள் கடன் அதனால் ஒரு ரூபாய் கூடக் குறையாது.

எப்படியும் கடன் வாங்குவதென்று முடிவு செய்தால் ஒரு வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். முதலாண்டில் 1,20,000 ரூபாய்க்கு மாத வட்டியும் சரியாக 1,000 ரூபாய்தான். அதை அப்படியே வட்டிக்குச் செலுத்தலாம். இரண்டாமாண்டில் மாதம் 2,000, அதன்பின் 3,000 என்று வட்டியை அவ்வப்போது அடைத்து வந்தால் கடன் 3,60,000-த்திலேயே நிற்கும், பத்தாண்டுத் தவணையும் 4,760 ரூபாய்க்குள் வந்துவிடும். இப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் ஒரு சதவீதம் வட்டி குறைக்கும். கேட்காமல் கொடுக்க மாட்டார்கள்.

ஆற்காடு காவலர்

ஐயா, உங்கள் மகள் படிக்கப் போகும் அதே வகைப் பட்டத்தைக் கடன் வாங்கிப் படித்தவன் நான். இப்போது இரண்டாம் நிலைக் காவலராகப் பணியாற்றுகிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குக் கேட்கப்படுவது ஏதேனும் ஒரு பட்டம். வரலாறு, தமிழ், வணிகவியல், எதுவாக இருந்தாலும் சரி. குற்றவியல் படித்ததற்காக ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கிடையாது. சிறப்பு மதிப்பெண்கள் தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்குத்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கோ பத்தாம் வகுப்பே போதும். நான் மூன்றாண்டு படித்து, கடன் வாங்கி, பத்தாம் வகுப்புத் தகுதிக்கான வேலையில் 18,200 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் சேர்ந்தேன். என் பக்கத்துப் படுக்கையில் பயிற்சி பெற்றவர் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர். வயதில் எனக்கு நான்காண்டு இளையவர். கடன் எதுவும் இல்லாதவர். சம்பளம் இருவருக்கும் ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டம் முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும், ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை. அறிவிக்கை வந்து, எழுத்துத் தேர்வு, உடற்தகுதித் தேர்வு, நேர்முகத் தேர்வு எல்லாம் முடிந்து பயிற்சிக்கு அழைப்பதற்குள் நீண்ட காலம் ஓடிவிடும், இடையில் வழக்கு வந்தால் இன்னும் தள்ளிப் போகும். அந்த இடைவெளியில் நான் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் இரவுக் கண்காணிப்பாளராக இருந்தேன். அந்தச் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போனது. மூன்று மாதம் கட்டத் தவறியதில் என்னோடு என் தந்தையின் சிபில் மதிப்பெண்ணும் விழுந்தது. தங்கை திருமணத்துக்கு அவர் கேட்ட கடனை வங்கி மறுத்துவிட்டது.

படிப்பைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பாடம் பிடித்துத்தான் இருந்தது.

தொரப்பாடி ஓய்வர்

சிறைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் ஒரு செய்தி. நம் தொரப்பாடியில் மத்திய சிறைக்கு அருகிலேயே சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி மையமான ஆப்கா 1979-இலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் சிறை அதிகாரிகளும் இங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள். அங்கே பாடமாக இருப்பவை குற்றவியல், தண்டனையியல், சீர்திருத்த முறைகள், சட்டம் ஆகியவையே. பயிற்சிக்கு வரும் அதிகாரிகளில் வேதியியல் படித்தவரும் இருப்பார், ஆங்கில இலக்கியம் படித்தவரும் இருப்பார். ஊனமாஞ்சேரி காவல் பயிற்சியகத்தில் சப்-இன்ஸ்பெக்டர்களுக்கும் இதே கதைதான். அதாவது, 1,20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கல்லூரி சொல்லித் தருவதன் பெரும்பகுதியை, வேலைக்கு எடுத்தபின் அரசே சம்பளம் கொடுத்துச் சொல்லித் தருகிறது.

சேர்க்கை முகவர் சொன்ன நான்கில் தடய அறிவியலை உடனே அடித்துவிடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்ற விதி இருப்பதால் அத்துறையில் ஆள் தேவை கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆய்வகத்துக்குள் நுழைய அறிவியல் பட்டம் வேண்டும், பி.ஏ. குற்றவியலை வைத்துக்கொண்டு வாசலில்தான் நிற்க முடியும். சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர் பணி மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரித் தேர்வு வழியாக வருவது, அங்கேயும் ஏதேனும் ஒரு பட்டம்தான்.

சத்துவாச்சாரி கணக்கர்

தறிக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்தத் தனியார் நிறுவனத்தில் பயிற்றுமொழி எது?

குடியாத்தம் தறிக்காரர்

ஆங்கிலம் என்று சொன்னார்கள். அதைத்தான் பெருமையாகவும் சொன்னார்கள்.

ஆற்காடு காவலர்

அப்படியானால் கட்டணத்தை விடப் பெரிய இழப்பு அதுதான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் சட்டத்தைத் திருத்தியபின், பட்டத் தகுதி கொண்ட பணிக்குப் பள்ளிக்கல்வி மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பட்டமும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்துச் சேர்த்து வைத்த தகுதியை, மூன்றாண்டு ஆங்கிலவழிப் பட்டம் படித்து, அதற்குக் கடனும் வாங்கி, கை நழுவ விடுகிறீர்கள்.

பாலாற்றங்கரை

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். சீருடை ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறீர்கள். குற்றவியல் என்பது காவல் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு அல்ல. ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது, சிறையிலிருந்து வெளிவந்தவன் ஏன் மறுபடியும் உள்ளே போகிறான் என்று கேட்கும் படிப்பு அது. நான் அதைப் படித்தவள். இப்போது ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன்.

ஆனாலும் சம்பள விஷயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் அலகு இயங்கும் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804, ஆற்றுப்படுத்துநருக்கும் சமூகப் பணியாளருக்கும் 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். எல்லாமே தொகுப்பூதியம். நான் முதன்முதலில் விண்ணப்பிக்க எடுத்த அறிவிக்கையில் சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்று வரிசையாக இருந்தது. குற்றவியல் என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வரும் குழந்தைகளோடு வேலை செய்யும் இடத்திலேயே அந்தப் பெயர் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான். பிறகு முதுகலைச் சமூகப்பணி படித்துத்தான் உள்ளே வந்தேன். 18,536 ரூபாயில் 6,185 ரூபாய்த் தவணை கட்டுவதென்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மீதியில் வாடகை, பேருந்து, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அடங்க வேண்டும். நான் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை வேறு. குற்றவியலை முதுகலையில் படிக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் இருக்கின்றன, வேறு இளங்கலை படித்தவர்களும் சேரலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பாடம் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் எழுதும் நெட் தேர்வில் குற்றவியல் ஒரு தனிப் பாடம். இளநிலை ஆய்வு நல்கை பெற்றால் மாதம் 37,000 ரூபாய். அது எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் இந்தப் பட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று.

வாலாஜா பயணி

இங்கிலாந்தில் முதுகலைக் குற்றவியல் படித்தால் அங்கேயே காவல் துறையில் சேரலாம் என்று ஒரு முகவர் 25 லட்சத்துக்குத் திட்டம் சொன்னார். அதையும் யோசிக்கலாமே?

சத்துவாச்சாரி கணக்கர்

அந்நாட்டுக் காவல் துறையில் சேர வெளிநாட்டவருக்குக் காலவரையறையற்ற தங்கும் உரிமை வேண்டும். மாணவர் விசாவில் போகிறவருக்கு அது கிடையாது. 7.5 லட்சத்துக்கு மேல் வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

தொரப்பாடி ஓய்வர்

தறிக்காரரே, பணக் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. உங்கள் மகளின் உயரம் என்ன? சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் பெண்களுக்கு 159 சென்டிமீட்டர். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 157. காவலர் தேர்விலும் அப்படித்தான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு அளவுகோலின் கீழ் நின்று அழுதுகொண்டே வெளியேறிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வண்ணத்தாளில் இதை அச்சிட மாட்டார்கள்.

குடியாத்தம் தறிக்காரர்

நேற்றிரவு அளந்தேன். சமையலறை நிலைப்படியில் முதுகை ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டோம். 157-க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இரவில் உடல் சற்றுக் குறுகும் என்று அவளே எங்கோ படித்துச் சொன்னதால் இன்று காலை எழுந்தவுடன் மறுபடியும் அளந்தோம், 158 தொட்டது. எங்கள் பிரிவுக்கு 159 வேண்டும். அவள் ஒன்றும் பேசவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கீழே அவளே எழுதுகிறேன் என்று கேட்டாள்.

வணக்கம். நான் அவருடைய மகள். அனைவரும் எழுதியதைப் படித்தேன். எனக்கு இன்னும் ஓராண்டில் உயரம் கூடினாலும் கூடலாம். அதை நம்பிக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். பாலாற்றங்கரை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன் திருட்டு வழக்கில் மாட்டி, கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தான். அவனை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை; எங்கள் அப்பாவும் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்ய உயரம் தேவையா?

பாலாற்றங்கரை

தேவையில்லை தங்கை. பொறுமை தேவை; அதற்கு அளவுகோல் வைக்க இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. இளங்கலையில் சமூகவியலோ உளவியலோ கிடைத்தால் எடுத்துக்கொள். கிடைக்காவிட்டால் வரலாறு போதும். முதுகலையில் சமூகப்பணியா குற்றவியலா என்பதை மூன்றாமாண்டில் முடிவு செய். அதற்குள் எந்தப் பணி அறிவிக்கை வந்தாலும் கல்வித் தகுதி என்ற பத்தியை மட்டும் எழுத்தெண்ணிப் படித்துப் பழகிக்கொள். நான் அதைப் படிக்கக் கற்றது கடன் வாங்கிய பிறகுதான். ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை: இந்தத் துறையில் சம்பளம் விரைவில் ஏறாது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சம் ஒவ்வோர் ஆண்டும் வரும். அதனால்தான் கடன் இல்லாமல் வர வேண்டும் என்கிறேன்.

ஆற்காடு காவலர்

வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டம் படிக்கலாம், அங்கே கட்டணம் குறைவு. வழக்கறிஞராகச் சில ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றங்களில் பழகினால் அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வு எழுதும் தகுதியும் வரும். நான் இப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், கடன் முடிய இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது.

சத்துவாச்சாரி கணக்கர்

முன்பணம் கட்டாதீர்கள். குடியாத்தத்திலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது, வேலூரில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். எந்தப் பாடத்துக்குத் தமிழ்வழிப் பிரிவு உண்டு என்று சேர்க்கைக் குழுவிடம் கேட்டுவிட்டு வரிசைப்படுத்துங்கள். அங்கே மூன்றாண்டுக்கும் சேர்த்து ஆகும் கட்டணம், நான் போட்டுக் காட்டிய கணக்கில் சில மாத வட்டிக்கு ஈடாகும். புதுமைப்பெண் பணம் அங்கும் வரும். அதை வங்கிக்குக் கொடுக்க வேண்டியிருக்காது.

குடியாத்தம் தறிக்காரர்

அனைவருக்கும் நன்றி. விண்ணப்பித்துவிட்டோம். முதல் விருப்பம் வரலாறு, தமிழ்வழி. அலமாரிக் கதவில் ஒட்டிய படத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. கல்வி நிறுவனத்திலிருந்து இன்றும் இரண்டு முறை அழைத்தார்கள். முன்பணத்துக்கு வைத்திருந்த 10,000 ரூபாயில் இன்று காலை பாவு நூல் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன், அதன்பின் அழைக்கவில்லை. அந்தப் பையனை அடுத்த வாரம் தறிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.